காணாமல் போன நாற்பது நிமிஷம்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைச்ச துணி மூணு நாளா காயல. வீடு முழுக்க ஈர நாத்தம்.

ஆபீஸ் விட்டு வந்து கேமரா ரெக்கார்டிங் பார்த்தேன். ஹால் கேமரா அப்பா கட்டிலைப் பார்த்து வெச்சது. 2.38 வரைக்கும் இருக்கு. அடுத்தது 3.21. நடுவுல ஒண்ணுமே இல்ல. வாசல் கேமராவும் அப்படித்தான்.

போன வாரமும் ரெண்டு நாள் இப்படி ஆச்சு. கண்டுக்காம விட்டுட்டேன். இன்னைக்கு விட முடியல. 2.38க்கு அப்பா நீல லுங்கியில உக்காந்திருக்கார். 3.21க்கு வெள்ளை வேட்டியில படுத்திருக்கார்.

கஸ்தூரி அக்காகிட்ட கேட்டேன். எட்டு மாசமா பகல்ல அப்பாவைப் பார்த்துக்கறது அவங்கதான். "கஞ்சி கொட்டிக்கினாரும்மா, மாத்தி வுட்டேன்." என் மூஞ்சியப் பாக்கல.

அப்பாகிட்ட கேட்டா, "நானா? நான் எதுவும் மாத்தலையே." காலையில சாப்பிட்ட இட்லியே ஞாபகம் இல்லாத மனுஷன். அம்மா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம், அதுலருந்தே ரொம்ப மோசம்.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, அப்பா பிபி மாத்திரை, ரஸ்க்.

நவ. 12, புதன்

வெயில். இன்னைக்கு ரெக்கார்டிங் முழுசா இருக்கு.

காலையில ஏழரைக்கே கேமரா போட்ட பாபு வந்தான். பார்த்தது:
– ஹார்ட் டிஸ்க். நல்லா இருக்கு, பாதி காலி.
– பழசை அழிக்கற செட்டிங். முப்பது நாள் ஆனாத்தான் அழிக்கும். அதுவும் சரி.
– வாசல் கேமரா ஒயர். எலி கடிக்கல, தண்ணி இறங்கல.

கடைசியில பதிவெல்லாம் சேர்ற பெட்டியில, அது எப்போ எப்படி ஓடிச்சுன்னு தானா எழுதி வெக்கற லாகைத் திறந்தான். அந்த நேரமெல்லாம் பெட்டி பேட்டரியில ஓடியிருக்கு. "பெட்டிக்கு மட்டும்தான் மேடம் யூபிஎஸ். கேமராவுக்கும் ரௌட்டருக்கும் இல்ல. கரண்ட் போனா அதுங்க படுத்துடும். மழைன்னா கரண்ட் போவுது, அவ்ளோதான்."

கணக்குப் பார்த்தா மூணுமே மழை நாள். அப்பாடான்னு இருந்துச்சு. அந்தம்மாவைப் போய் சந்தேகப்பட்டேனேன்னு வெக்கம் வேற.

சாயங்காலம் மாடியில குடியிருக்கற நிர்மலாவைப் படியில பார்த்தேன். மத்தியானத்துல ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறவங்க. பேச்சுவாக்குல, கரண்ட் போய் உங்களுக்கும் பேஜாராப் போச்சான்னு கேட்டேன்.

"கரண்டா? நேத்து ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கிளாஸ் மேடம். ஒரு தடவைகூட போகல."

அவங்களுக்குத் தனி மீட்டர். அப்போ நம்ம வீட்டுக்கு மட்டும் போகுது. போய் முக்கா மணியில திரும்பி வருது. கை வெச்சு மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணாத்தான் அப்படி ஆகும். அப்பா காதுல விழாம அழுதேன்.

நவ. 13, வியாழன்

ஆபீஸ்ல ஒரு வேலையும் ஓடல. மழை.

2.15ல இருந்து 3.05. மறுபடியும். நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். கட் ஆகறதுக்கு முன்னாடி கட்டில் காலி, ரெண்டு பேரும் படத்துல இல்ல. மெயின் இருக்கறது கதவுக்குப் பின்னாடி, கேமரா எட்டாத மூலையில. திரும்ப வரும்போது அப்பா தலை ஈரம், அவங்க துவட்டி விடறாங்க.

அப்பா சட்டையைக் கழட்டிப் பார்த்தேன். இடது கையில, முழங்கைக்கு மேல நாலு விரல் பதிஞ்ச கன்னிப்பு. "வலிக்குதாப்பா?" "எது?"

கத்திட்டேன். என்ன பண்றீங்க அவரை, மெயினை ஏன் அணைக்கறீங்க, போலீஸுக்குப் போகட்டுமான்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கஸ்தூரி அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "ஐயாவையே கேளும்மா." எதுவுமே ஞாபகம் இல்லாதவரைக் கேக்கணுமாம்! நாளையிலருந்து வர வேணாம்னுட்டேன்.

கேட் கிட்ட போய் நின்னு திரும்பிப் பார்த்தாங்க. "மழ வந்தா ஐயாவத் தனியா வுட்றாதம்மா."

மிரட்டறாங்களா? ரெண்டு தாழ்ப்பாளும் போட்டேன். ஜன்னல் கொக்கியும். அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கேன். "கஸ்தூரி எங்க, கஸ்தூரி எங்க"ன்னு கேட்டுட்டே இருக்கார். பயமா இருக்கு.

நவ. 14, வெள்ளி

லீவு. மழை இல்ல. ரெக்கார்டிங்ல ஒரு நிமிஷம்கூட விடுபடல. அந்தம்மா போனதும் எல்லாம் சரியாயிடுச்சு, பார்த்தியா.

ஏஜென்ஸியில வேற ஆள் செவ்வாய்க்கிழமைதான் அனுப்புவாங்களாம். திங்கள் ஒரு நாள் சமாளிக்கணும்.

நவ. 17, திங்கள்

ரயில்ல எழுதறேன். எழுதலைன்னா கத்திடுவேன்.

காலையில வானம் வெளுத்துதான் இருந்துச்சு. சாப்பாடு எடுத்து வெச்சுட்டு, ஒரு மணிக்கு எட்டிப் பாக்கச் சொல்லி நிர்மலாகிட்ட சொல்லிட்டு கிளம்பினேன். பெத்தவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போக மனசு வரல.

2.22க்கு போன்ல கேமரா ஆஃப்லைன். ஆபீஸ் இருக்கற கிண்டியில அப்போ நல்ல மழை. நிர்மலாவைக் கூப்பிட்டேன். மூணாவது தடவைதான் எடுத்தாங்க. கீழ இறங்கிப் போய், "கதவு திறந்திருக்கு மேடம். அப்பா இல்ல. செருப்பும் இல்ல. மெயின் ஆஃப்ல இருக்கு."

கஸ்தூரி அக்கா இல்ல. ஆனா மெயின் ஆஃப்.

அவங்களுக்கே போன் போட்டேன். எடுப்பாங்கன்னு நினைக்கல. எடுத்தாங்க. அழுதுட்டே சொன்னேன்.

"ஐயோ, தனியா வுட்டியா? ஆத்தங்கரையாண்டதாம்மா போயிருப்பாரு. மழ வந்தா தண்ணி எவ்ளோ ஏறிக்கீதுன்னு பாக்கணும் அவருக்கு. மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் கிளம்புவாரு. நான் பின்னாலயே குடைய புடிச்சிக்கினு போவேன். அன்னிக்கு வழுக்குச்சி, கையப் புடிச்சி இழுத்தேன். உங்கிட்ட சொன்னா கேட்டப் பூட்டிடுவன்னு சத்தியம் வாங்கிக்கினாரும்மா. வையி, நான் ஓடறேன்."

2015 வெள்ளத்துல எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் ஆத்துத் தண்ணி. அன்னைக்கும் அப்பா முதல்ல மெயினைத்தான் அணைச்சார். அப்புறம் அம்மாவைத் தூக்கிட்டு மாடி ஏறினார். பாவி, எனக்கு இது தோணவே இல்லையே. அவர் கையைப் பிடிச்சிருந்த ஒரே ஆளை நானே விரட்டிட்டேன்.

பல்லாவரம். வண்டி சிக்னல் கிடைக்காம நிக்குது. 3.04. போன் வரல.

3.09. குரோம்பேட்டை. இன்னும் வரல.

வந்துடுச்சு. கஸ்தூரி அக்காவுக்கு மூச்சு வாங்குது. "கெடச்சிட்டாரும்மா. படித்துறையில உக்காந்துகினு கீறாரு. தண்ணி முட்டி வரைக்கும் வந்துட்ச்சி. இழுத்தா வரமாட்டேங்கறாரு. நீ பேசு."

மழைச் சத்தத்துக்கு நடுவுல அப்பா. "தண்ணி ஏறுதும்மா. மெயின் அணைச்சுட்டேன். அம்மாவை மாடிக்கு ஏத்திடு."

ரயில் பெட்டியில எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

"ஏத்திட்டேம்ப்பா. அம்மா மாடியிலதான் இருக்காங்க. நீ இன்னும் வரலையேன்னு கேக்கறாங்க. அக்கா கையைப் பிடிச்சுட்டு வாப்பா."

"நிஜமா ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

எழுந்துட்டாராம். போனை நானும் வைக்கல, அக்காவும் வைக்கல. தாம்பரம் வந்தாச்சு, இறங்கணும்.