டப்பா எண்ணெயும் பீப்பாய் எண்ணெயும்

அக்டோபர் 29, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். சமையல்கட்டு ஓடு மறுபடி ஒழுகுகிறது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பாதியும் நனைந்து வந்து, வகுப்பு முழுக்க ஈரத்துணி நாற்றம்.

சாயங்காலம் தாசன் வந்தான். என் வீட்டுக்காரருடைய தம்பி. அவர் போன பிறகு வாடகைக் காரை இவன்தான் ஓட்டுகிறான். தினம் கொருக்குப்பேட்டையிலிருந்து நடந்து வந்து எடுத்துப் போகிறான்.

"காலைல கிளப்பசொல்லோ ஒரே பொகை அண்ணி. தலையக் கயட்டிக் கரி எடுக்கணும்ன்றாரு பட்டறை காசிம் பாய்."

தலை என்றால் எஞ்சினின் மேல்மூடி. ஐந்து வருஷம் ஒரு மோட்டார்க்காரரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடுக்கச் சொல்லிவிட்டேன். அவன் போன பிறகுதான் உறைத்தது. எஞ்சினைத் திறக்கப்போகிறார்கள். எங்கள் வழக்குக்குத் தீர்ப்பு வரப்போகிறது.

எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு சண்டைதான். கப்பலில் வரும் டப்பா எஞ்சின் எண்ணெய் தவிர வேறெதையும் அவர் காரில் ஊற்ற மாட்டார். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுகிறார்களே, அதைப்போல இரண்டரை மடங்கு விலை. ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பீப்பாய் போதும் என்பேன். "எஞ்சினத் தொறக்கற அன்னிக்கி வந்து பாரு. அன்னிக்கி ஒத்துக்குவே" என்பார். "தொறங்க, பாக்கலாம்" என்பேன்.

திறக்கிற அன்றைக்கு அவர் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் விஷ ஜுரம்.

அக்டோபர் 30, செவ்வாய்

செய்ய வேண்டியவை:
ஓடு மாற்ற ஆள்.
கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி, சாமந்தி.
அரிசி களைவது ஒரு ஆளுக்கு. (நேற்றும் இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன்.)
தலைமை ஆசிரியையிடம் நோட்டுகள்.

மீன்காரி தெருமுனையில் யாரிடமோ: "அந்தக் கார்க்காரு வூட்ல இப்போ மத்திகூட எடுக்க மாட்டேன்றாங்கோ." காதில் விழுந்தது. யாருக்காக எடுப்பது?

நாள் முழுக்க எண்ணெய் ஞாபகம்தான். புது டப்பாவை உடைத்ததும் முதல் சொட்டை என் மணிக்கட்டில் தடவுவார். "தொட்டுப் பாரு. பட்டு மாதிரி கீது." நான், "பட்டா? எனக்கு எடுத்துக் குடுத்த பட்டு எந்தப் பெட்டில கீது?" என்பேன். தெருவே கேட்கிற மாதிரி சிரிப்பார். அந்த எண்ணெய் பட்ட கறை கருநீலப் புடைவையில் இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டுப் பார்த்தது போதும். இனி அது இருக்கட்டும்.

மாதாவே, அவர் சொன்னதுதான் சரி என்று ஆகவேண்டும். இந்த ஒரு தடவை நான் தோற்க வேண்டும். தோற்றால் கல்லறைக்குப் போய் நானே வாயால் ஒத்துக்கொள்வேன். அவருக்கு நான் கொடுக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

அக்டோபர் 31, புதன்

மழை. தலைவலி. வேறொன்றுமில்லை.

நவம்பர் 1, வியாழன்

சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள், புனிதர்கள் எல்லோருக்குமான நாள். பள்ளி விடுமுறை. பூசை முடிந்து நேரே கல்மண்டபம், காசிம் பாய் பட்டறைக்கு. பெண்பிள்ளை பட்டறைக்குள் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்கள். உட்காரவில்லை.

பக்கத்திலேயே தேசிங்கு வண்டியும் தலை கழற்றிக் கிடந்தது. தேசிங்கு அவருடைய தோஸ்து. இரண்டு பேரும் ஒரே வருஷம், ஒரே மாதிரி வண்டி வாங்கினார்கள். ஒரே ஸ்டாண்டு, ஒரே ரோடு. தேசிங்கு முதல் நாளிலிருந்து பீப்பாய் எண்ணெய்தான். கலீஜ் எண்ணெய் ஊத்தறவன் என்று அவனை இவர் கேலி செய்யாத நாள் கிடையாது.

பாய் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "அண்ணன் ஊத்துன எண்ணெய் அப்பேர்ப்பட்டது டீச்சரம்மா. எஞ்சின் ஜோரா கீது."

சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது எனக்கு. அப்புறம் தேசிங்கைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேசிங்கு எஞ்சின் எப்படி இருக்கு பாய்?"

பாய் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"எனக்காகப் பொய் சொல்ல வேணாம் பாய். நெசத்தச் சொல்லுங்க."

துணியைப் போட்டுவிட்டு, "நீங்களே பாத்துக்குங்கோ" என்றார். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்க்குள் விரலை விடச் சொன்னார். பிஸ்டன் உரசி உரசி உட்சுவர் தேய்ந்துவிடுமாம். உச்சியில், அது எட்டாத இடத்தில், தேயாமல் ஒரு விளிம்பு நிற்குமாம். விரலை மேலே இழுத்தால் நகத்தில் தட்டும். எவ்வளவு தட்டுகிறதோ அவ்வளவு தேய்மானம்.

எங்கள் எஞ்சினில் விட்டேன். தட்டியது. தேசிங்கு எஞ்சினில் விட்டேன். அதே மாதிரி தட்டியது. மறுபடி இதில், மறுபடி அதில். கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன். ஒரு மயிரிழை குறைவாக இருக்கக்கூடாதா என்று பார்த்தேன். இல்லை. எது யாருடையது என்று சொல்லவே முடியவில்லை.

பாய் மெதுவாகச் சொன்னார். "ரேஸ் வுடறவனுக்கு அந்த டப்பா எண்ணெய் வோணும். மலையேத்தறவனுக்கு வோணும். நம்ப வண்டி இன்னா, திருவொத்தியூரு வரைக்கும் போவும், மிஞ்சிப்போனா எண்ணூரு. ரெண்டு பேரும் காலாகாலத்துல எண்ணெய மாத்திக்கினு வந்தாங்கோ. அதான் எஞ்சினக் காப்பாத்திச்சு. இன்னா எண்ணெய்ன்றதுல ஒண்ணும் இல்லம்மா."

"அவருக்குத் தெரியுமா?"

தேசிங்குதான் பதில் சொன்னான். "நாங்க யாரும் சொல்லல அண்ணி. அவுருக்கு அதுல ஒரு சந்தோசம். அத்தக் கெடுப்பானேன்னு வுட்டுட்டோம்."

ஊரே விட்டுக்கொடுத்திருக்கிறது. நான் ஒருத்திதான் விடவில்லை.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. கையில் எண்ணெய்க் கரி. கழுவிவிட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அடக்கத்தன்றுகூட இப்படி அழவில்லை.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். காலையில் பள்ளி, மாலையில் கல்லறைத் தோட்டம். கடல்காற்று. மெழுகுவத்தி நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறையில் ஒரு அம்மாள் உள்ளே கிடக்கும் தன் மகனோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள், வீட்டு வாடகை முதற்கொண்டு. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை.

நான் ஒன்றும் பேசவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. நிஜத்தை எப்படிச் சொல்வது?

ஜுரத்தில் கிடக்கும்போதும் ஒரு நாள் கண்ணைத் திறந்து, "எண்ணெய் மாத்தற நாளு வந்துட்ச்சு. டப்பாதான், தெரிதா" என்றார். "பீப்பாய்தான்" என்றேன், சிரிக்க வைக்க. சிரித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி.

நவம்பர் 3, சனி

ஓடு மாற்ற வந்தவன் பாதி வேலையில் போய்விட்டான். திங்கள் வருவானாம்.

தாசன் வந்தான். கரி எடுத்து மூடியாகிவிட்டது. எண்ணெய் ஊற்றினால் வண்டி ரெடி. வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"இன்னா எண்ணெய் வாங்கட்டும் அண்ணி? நீங்க சொன்னா சரி. அண்ணன் ஊத்துனதே வோணும்னாலும் சொல்லுங்கோ."

அவனுக்கு மூன்று குழந்தைகள். அந்த வண்டியில்தான் அவர்களுடைய சோறு. டப்பா எண்ணெய் வாங்கினால் அது அவர்கள் தட்டிலிருந்து போவது. எல்லாம் தெரியும்.

"பீப்பாய் போதும் தாசா" என்றேன் கடைசியில். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஐந்து வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டேன்.

நவம்பர் 5, திங்கள்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. ஓட்டுக்காரன் வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் தாசன் எண்ணூரிலிருந்து திரும்பினான். ஹாரன் சத்தம் கேட்டதும் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று சொல்லி, காரின் முன்மூடி மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி ஓடுது?"

"சூப்பரா ஓடுது அண்ணி. ஒரு வித்தியாசமும் தெர்ல."

"கொஞ்சம்கூடவா?"

"இல்ல அண்ணி. எப்பவும் போலத்தான்."

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். எப்பவும் போலத்தான். அவருக்காக எஞ்சின் ஒரு சின்ன முனகலாவது போட்டிருக்கலாம்.