ஆஸ்பத்திரியை அடமானம் வைக்க முடியாது

மார்ச் 6, திங்கள்

கடன் கேட்டுப் போன மூன்றாவது வங்கியும் கையை விரித்துவிட்டது. மேலாளர் நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார். ஆஸ்பத்திரி, குடிநீர் இறைக்கும் நிலையம், தீயணைப்பு நிலையம் மூன்றையும் இணைத்து ஒரு சின்ன மின்வலை. கூரைகளில் சோலார் தகடுகள், ஓர் அறை நிறைய பேட்டரி. ஊருக்கே கரண்ட் போனாலும் மூன்றும் தம் பாட்டுக்கு ஓடும். நகராட்சிப் பொறியாளராக இரண்டு வருடமாய் இதைத்தான் சுமந்து திரிகிறேன்.

"எல்லாம் சரி மேடம். தவணை கட்டலன்னா நான் எதை ஜப்தி பண்றது? ஆஸ்பத்திரியையா?"

காபியைக் குடித்துவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9

பதில் குளிக்கும்போது வந்தது! அந்த மூன்று இடங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகை, டீசல் என்று மாதாமாதம் கொடுக்கிறோமே, அந்தப் பணத்தையே தனிக் கணக்கில் போடலாம். வங்கி தன் தவணையை அதிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளட்டும். புதிதாக எங்கும் போய்க் கையேந்த வேண்டாம்.

ஆனால் அந்த ஜெனரேட்டர்கள் அத்தானுடையவை. அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

ஏப்ரல் 2, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. சொல்லிவிட்டேன். அத்தான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துபோனார். அக்காதான் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடப் போற. எங்க அடுப்ப அணைச்சிட்டுதான் போடணுமா?"

"அக்கா, போன புயல்ல டீசல் லாரி வர முடியாம பிரசவ வார்டுல டார்ச் அடிச்சுக்கிட்டு..."

"தெரியும்டி. உங்க அத்தான்தான் இடுப்பளவு தண்ணியில கேன் தூக்கிட்டுப் போய் ஊத்தினாரு. அத உங்க ஆபீஸ்ல யாராவது எழுதி வெச்சீங்களா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஏப்ரல் 3

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 19

வங்கி பாதி இறங்கி வந்திருக்கிறது. தனிக் கணக்கு யோசனை மேலாளருக்குப் பிடித்துவிட்டது. இப்போது வேறு முட்டுக்கட்டை. "கம்பெனிக்காரங்க மாட்டிட்டுப் போயிடுவாங்க மேடம். நாளைக்கே ஒரு ஒயர் கருகினா யாரு வந்து நிப்பா?" நியாயமான கேள்வி. விசாரித்த கம்பெனிகள் எல்லாமே வெளியூர். ஒன்றுக்கும் இங்கே ஆள் கிடையாது. கடன் இருக்கிற காலம் முழுக்கப் பராமரிக்க உள்ளூரில் ஒரு கை வேண்டும்.

மே 11, வியாழன்

அத்தான் அலுவலகத்துக்கே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"பேட்டரியும் தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவ?"

"கடைசிக்கு ஒரு ஜெனரேட்டர் நிக்கும் அத்தான்."

"அந்த மூணு இடத்துலயும் எந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு என் மெக்கானிக்குங்களுக்குக் கண்ண மூடிட்டே தெரியும். மத்தத படிச்சுக்குவாங்க. பராமரிப்புக்கு நான் டெண்டர் போடலாமா?"

"போடலாம். ஆனா போட்டீங்கன்னா, முடிவு பண்ற கமிட்டில நான் இருக்க முடியாது. சொந்தக்காரி."

"அப்போ உன் திட்டம்?"

"அது பொழச்சுக்கும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் போனபிறகு திட்ட ஃபைலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இரண்டு வருட உழைப்பு. நான் இல்லாத அறையில் முடிவாகப் போகிறது. ஆணையரிடம் எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டேன்.

ஜூன் 23, வெள்ளி

கூட்டம் உள்ளே, நான் வராந்தா பெஞ்சில். உதவிப் பொறியாளர் பேட்டரியின் ஆயுளைத் தப்பாகச் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. எழுந்து, தட்டப்போய், கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரோ அவரைத் திருத்தினார்கள். யாரென்று தெரியவில்லை. நானில்லாமலும் இந்தத் திட்டத்தைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்களா! வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

நிறைவேறிவிட்டது. தகடும் பேட்டரியும் வெளியூர்க் கம்பெனி, பராமரிப்பு அத்தான். வெளியே வந்த வங்கி மேலாளர், "கையெழுத்துப் போட்டுட்டேன். இனி உங்களவிட எனக்குத்தான் மேடம் வெயில் அடிக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 30

பேட்டரிகள் வந்து இறங்கின. அத்தான் லாரிக்காரரோடு ஒரே சண்டை. "பச்சப்புள்ளய எறக்கற மாதிரி எறக்குங்கப்பா." அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் அத்தான் கையில் இன்று இரண்டு சாப்பாட்டு டப்பா.

டிசம்பர் 5, செவ்வாய்

நேற்றிலிருந்து புயல். ஊர் முழுக்க கரண்ட் இல்லை. என் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அக்காவே போன் செய்து, "பையத் தூக்கிட்டு இங்க வா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. வந்துவிட்டேன்.

அத்தான் நேற்றிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலையில் பேசினார். "வார்டெல்லாம் எரியுது. ஜெனரேட்டர இன்னும் தொடவே இல்ல." அப்புறம், "நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு புலம்பிக்கொண்டிருந்தாள். "ஃபேன் இல்ல, ஃப்ரிட்ஜ் இல்ல, கொசு பிடுங்குது. என்னத்த திட்டம் போட்டியோ, இந்த வீட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல." போன புயலில் இந்நேரம் குடிநீர் நிலையம் நின்றுபோய்க் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. இன்று முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் தண்ணீர் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது.

 துணியை எடுத்துக்கொண்டு, துடைத்து வைக்க அவள் பக்கத்தில் போய் நின்றேன்.