பொருள் எண் முப்பத்தொன்று

கங்கையம்மன் நகர்,
வியாழக்கிழமை, மதியம்.

அன்புள்ள பவ்யா அப்பாவுக்கு,

சரசா எழுதிக்கொள்வது. நானும் பவ்யாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மேடக்கில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னீர்கள். நீங்கள் விட்டுப்போன ஸ்வெட்டரை பவ்யா தேடி எடுத்து வைத்திருக்கிறாள். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், ஞாபகம் வரும்போது அல்ல.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதீர்கள். போனில் நான் நான்கு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் பத்து வார்த்தை சொல்லி, "சரி சரி, நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். இதை முழுசாகச் சொல்லியாக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. தபாலில் போட்டால் உங்கள் கைக்கு வர நாலைந்து நாள் ஆகும். நாளைக் காலைக் கூட்டம் அதற்குள் முடிந்திருக்கும். வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடியாது. ஆமாம், வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறேன்.

போன மாதக் கூட்டத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். எங்கள் நகராட்சி மன்றத்தில் தீர்மானம் போடும் அழகு உங்களுக்குத் தெரியாது. அஜெண்டா புத்தகம் கூட்டம் நடக்கும் அன்று காலையில்தான் கைக்கு வரும். நாற்பது, நாற்பத்தைந்து பொருள்கள் இருக்கும். எழுத்தர் எழுந்து "பொருள் எண் ஒன்று முதல் பத்து வரை" என்பார். பின்வரிசையிலிருந்து யாராவது "ஆல் பாஸ்" என்பார்கள். எல்லோரும் மேஜையைத் தட்டுவோம். பிறகு பதினொன்று முதல் இருபது. போண்டா ஆறுவதற்குள் ஊர்க் காரியம் முடிந்துவிடும். மூன்று வருடமாக நானும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். முதல் கூட்டத்தில் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தபோதே துணைத்தலைவர் மணவாளன், "இன்னாக்கா, பரீச்சைக்கா வந்துகீற? மூடி வெச்சிட்டு போண்டா துன்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மூடினேன். அன்றிலிருந்து பிரிக்கவில்லை.

போன மாதமும் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய பேப்பரோடு போட வைத்த புத்தகத்தை பவ்யா புரட்டிப் பார்த்து, "அம்மா, இது நம்ம கால்வாய்தானே?" என்றாள். முப்பத்தொன்றாம் பொருள். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் நம் நகருக்குப் பின்னால் ஓடி வெளியே போகிறதே, அந்தக் கால்வாயை மூடி, மேலே கோடவுனுக்கு லாரி போகச் சாலை போட்டுக்கொள்ள ஒரு கம்பெனிக்கு அனுமதி. ஏகமனதாக நிறைவேற்றியிருக்கிறோம். நானும் சேர்ந்து தட்டியிருக்கிறேன்.

அந்த டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் அங்கே டிவியில் பார்த்தீர்கள். நாங்கள் மொட்டைமாடியில் இருந்தோம். எதிர்வீட்டு ஷர்மிளாவை நிறைமாதத்தில் கட்டிலோடு தூக்கித் தண்ணீரில் கொண்டு போனார்கள். கட்டிலின் ஒரு காலை நானும் பிடித்திருந்தேன். கால்வாய் இருக்கும்போதே எனக்கு மார்பு வரை தண்ணீர். அதையும் மூடிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல இன்ஜினியர் வேண்டியதில்லை. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், ஃபேக்டரி யூனியனில் நீங்கள் வாங்கிய பேருக்காகக் கட்சியில் நம் வீட்டைக் கேட்டார்கள், நீங்கள் என்னை நிறுத்தினீர்கள். நோட்டீஸ் எழுதியதும் நீங்கள்தான். அதில் முதல் வரியே வீட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வேன் என்பதுதான். வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுச் சொன்னது நான்.

என்ன செய்யலாம் என்று ஜேம்ஸைக் கேட்டேன். நம் கட்சியிலேயே சட்டம் தெரிந்த கவுன்சிலர் அவர் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகப் போன கூட்டத்தின் நடவடிக்கையைப் படித்து உறுதி செய்வார்கள், அப்போது எழுந்து மறுப்பை எழுத்தில் கொடுத்தால் பதிவு செய்துதான் ஆக வேண்டும், அதை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் கலெக்டரிடமும் கோர்ட்டிலும் போய் நிற்கலாம் என்றார். ஏகமனது என்று இருக்கும்வரை யாரும் காது கொடுக்க மாட்டார்களாம். "நீங்க முதல்ல எழுந்திருங்கக்கா, உங்க பின்னாடியே நான் எழுந்திருக்கிறேன்" என்றும் சொன்னார்.

பக்கத்து வார்டு குப்பம்மாவிடமும் பேசினேன். அவள் வார்டிலும் பாதி முழுகும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ சொல்றது நாயந்தான் சரசா. என் புள்ள அவனுங்க குடுத்த கான்ட்ராக்ட் வேலைலதான கீறான். நாளைக்கே நிறுத்திடுவானுங்க. என் பேர மட்டும் எதுலயும் எய்தாத" என்றாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. மூன்று பேரப்பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்.

நான் ஆபீஸில் அந்தக் கால்வாய்க் கோப்பைப் பார்க்கக் கேட்டேன் என்பது எப்படித்தான் தெரிந்ததோ, மறுநாளே நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. நான்கு கம்பங்களில் விளக்கை ரிப்பேர் என்று கழற்றிக்கொண்டு போனார்கள். ஜேம்ஸிடம் நான் பேசியதும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் பாடியில் ஒரு லேத் பட்டறை இருக்கிறதல்லவா, அங்கே ஒவ்வொரு நாளும் ஓர் அதிகாரி வந்து ஏதாவது ஒரு பேப்பரைக் கேட்கிறாராம். தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு என் வாசலில் வந்து நின்று, கவுன்சிலர் வீட்டுத் தெருவுக்கே இந்த கதியா என்று கேட்டார்கள். காரணம் நான்தான் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

சனிக்கிழமை மணவாளன் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், பவ்யாவின் படிப்பை விசாரித்தார். அப்புறம் நம் கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாத்த இல்லாம ஊடே வெறிச்சுன்னு கீது. ஆவடிக்கு அவர் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ரெடியாத்தான்கா கீது. எம்.பி. ஆபீஸ்லருந்து ஒரு போன் போனா முடிஞ்சிச்சு. வெள்ளிக்கெயமை நீ கம்முனு குந்திகினு இருந்தா, பொங்கலுக்குள்ள அண்ணாத்த இங்க இருப்பாரு" என்றார். ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அவர் போன பிறகு பட்டப்பகலிலேயே வாசல் கதவைத் தாழிட்டேன்.

மேடக் ஃபேக்டரியிலிருந்து ஆவடி ஃபேக்டரிக்கு வரும் அந்த டிரான்ஸ்ஃபருக்காக நீங்கள் ஆறு வருடமாக எழுதாத மனுவில்லை. மூன்று மாதம் முன்பு மன்றத் தலைவர் தானாகவே "நான் பார்த்துக்கறேன்மா" என்று சொன்னபோது, உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு நான் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தேன். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கமாகத்தானே வீடு கட்டினோம், தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வரலாம் என்று நீங்கள் ஆசைப்பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்சிக் கவுன்சிலர்கள் எங்களையெல்லாம் வேனில் ஏற்றி ஓர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் ஒவ்வொருவராக எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, தலைவருக்கு எதிராக மன்றத்தில் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஜேம்ஸுக்கு மட்டும் யாரோ ஒரு பைபிளை வாங்கி வந்திருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் கையை வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். குப்பம்மா கற்பூரத்தை அடித்த வேகத்தில் கையைச் சுட்டுக்கொண்டாள். என் முறை வந்தது. இன்றைக்கு எனக்கு ஆகாது, நான் தூரம் என்று சொல்லிவிட்டேன். ஆண்பிள்ளைகள் எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மணவாளன், "சரி போக்கா, அஞ்சு நாள் கயிச்சு வெள்ளிக்கெயமை காலைல கார் அனுப்பறேன், அடிச்சிட்டு நேரா மீட்டிங்குக்குப் போயிடலாம்" என்றார்.

எனக்கு அது நின்றுபோய் நான்கு மாதம் ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். அம்மன் வாசலில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். நிமிர்ந்து நின்று அடிக்க முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் வரவில்லை. என்னைத் தைரியசாலி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நாளை அந்தப் பேப்பரைக் கொடுப்பேனா என்பதுகூட எனக்கு இன்னும் நிச்சயமில்லை. எழுதி, மடித்து, பர்ஸில் வைத்திருக்கிறேன். பவ்யா வரும் நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை, மாலை.

மிச்சத்தையும் எழுதிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று நேற்று அனுப்பாமல் வைத்தேன்.

காலை ஒன்பது மணிக்கு மணவாளனின் கார் வரும் என்று தெரியும். ஏழு மணிக்கே ஷேர் ஆட்டோ பிடித்து மன்றத்துக்குப் போய்விட்டேன். பெருக்குகிற அம்மா என்னைப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டாள். போன் விடாமல் அடித்தது, எடுக்கவில்லை. பத்தரைக்கு எல்லோரும் வந்தார்கள். மணவாளன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார், எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவர்.

எழுத்தர் எழுந்து, போன கூட்ட நடவடிக்கைகள் உறுதி செய்யப்படுகின்றன என்றார். "ஆல் பாஸ்" என்ற குரல் வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பதினான்காவது வார்டு உறுப்பினர், பொருள் எண் முப்பத்தொன்றுக்கு என் மறுப்பை எழுத்தில் தருகிறேன், படிக்காமல் மேஜையைத் தட்டியது என் தவறு என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஒரு வாரமாகத் தயார் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. தலைவர் "உக்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நான் உட்காரவில்லை. பேப்பரை எழுத்தர் மேஜையில் வைத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் தலைவரைப் பார்த்தார். அப்புறம் போட்டார்.

ஜேம்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அஜெண்டா புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரை தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எழுந்திருக்கச் சொன்னதே அவர்தானே. வேறு யாரும் எழவில்லை. பின்வரிசைக்காரர் "ஆல் பாஸ்" என்றதும் எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள், எப்போதையும்விடச் சத்தமாக. குப்பம்மா மட்டும் சுட்ட கையையும் சுடாத கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளால் முடிந்தது அது. பதிவேட்டில் இப்போது 'ஒரு உறுப்பினர் மறுப்பு தெரிவித்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. அதன் நகலோடு திங்கட்கிழமை நம் நகர்க்காரர்கள் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறார்கள். கால்வாய் பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வரும்போது மணவாளன் வழியை மறித்து நிற்கவெல்லாம் இல்லை. ஒதுங்கி வழிவிட்டு, "அண்ணாத்தைய அங்கியே ஒரு ஊடு பாத்துக்க சொல்லுக்கா. ரிட்டயர் ஆவற வரைக்கும் அவருக்கு அந்த ஊர்தான்" என்றார். கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டதாக மதியமே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். நீங்கள் இதைப் படிப்பதற்குள் யாராவது அனுப்பியிருப்பார்கள்.

உங்களைக் கேட்காமல் உங்கள் வாழ்க்கையில் ரிட்டயர் ஆக இருக்கிற நான்கு வருடத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இதைவிடச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், அதை மீற என்னால் முடிந்திருக்காது. அதனால்தான் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அழுதேன். பயத்தில் இல்லை. அந்த மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுவது கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது.

கோபப்படுங்கள், திட்டுங்கள், நாலு நாள் போன் பேசாமலும் இருங்கள், தாங்கிக்கொள்கிறேன். பொங்கலுக்கு மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள். லீவு இரண்டு நாள்தான் கிடைத்தாலும் வாருங்கள். நான் செய்தது சரி என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டாம். வந்து, கை கால் கழுவிக்கொண்டு, நான் போடுகிற சோற்றை முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அது போதும் எனக்கு.

அம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை தூக்கம் வராமல் இருக்கப்போகிற,
சரசா.