கயாக்கில் திரும்ப ஏறினேன்

ஏப்ரல், சனிக்கிழமை இரவு

கோடையில் நோர்வேக்குப் போய், கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் இருந்தபடி பெரிய ஹாலிபட் பிடிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து என் கணவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆளைவிடப் பெரிதாக வளரும் தட்டை மீன் அது. இன்று இங்குள்ள விபோர்க் ஏரிக்குப் பயிற்சிக்குப் புறப்பட்டபோது, தானாகவே வந்து காரில் ஏறினார்.

கரையில் வைத்துக் கேட்டார். "மீன் இழுத்துக் கயாக் பிரண்டா என்ன செய்வீர்?"

"திரும்ப ஏறுவன்."

"ஏறிக் காட்டும்."

வேண்டுமென்றே கவிழ்ந்தேன். நீர்புகா உடைக்குள்ளும் குளிர் மூச்சை அடைத்தது. முதல் தடவை வழுக்கி விழுந்தேன். பார்த்தால், இவர் கழற்றாத சப்பாத்தோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்.

"வராதேங்கோ!" என்று கத்திவிட்டு, காலை உதைத்து வயிற்றால் ஊர்ந்து ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவர் சொன்னார். "நீர் நோர்வேக்குப் போற கிழமை முழுக்க நானும் லீவு கேக்கிறன். கரையில நிண்டு சமைக்கிறன். மீன் பெரிசெண்டா விட்டிட்டு வாரும்."

பெரிய மீனுக்குத்தானே போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "ஓம்" என்றேன்.

தோள் வலிக்கிறது. நாளைக்குக் கூடாரம் பார்க்க வேண்டும், இரண்டு பேர் படுக்கிற மாதிரி.