கிழக்கே பொங்கிய பால்

பொட்ரொப், 14.05.2006

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

புதுவீட்டில் பால் காய்ச்சியபோது கிழக்கே பொங்கி வழிந்தது. வீட்டை மலிவாக விற்ற நம்மூர் இராசலிங்கம் அண்ணை, “பாத்தியே தம்பி, நல்ல சகுனம்” என்றார். இப்போது குழம்பும் கிழக்கேதான் வழிகிறது. அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கமாம்; வீடு அந்தப் பக்கம் சரிகிறதாம். இனி விற்கவும் ஏலாது. நீங்கள் யோசிக்காதேங்கோ.

கதவு சரியாக மூடுவதில்லை. இடுக்கில் அடைக்க உங்கள் பழைய சேலையொன்று அனுப்புங்கோ. தோய்க்காவிட்டாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும், அம்மா: பால் காய்ச்சிய அன்றைக்கு எல்லோரும் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்கள். அண்ணை மட்டும் கடைசிவரை கையிலேயே பிடித்திருந்தார்.

மதீசன்