நான்காவது சுற்றில் நீ நிற்கும் இடம்

என் சின்னவனே, சுரேன்,

உன் கிட்டார் பத்திரமாக இருக்கிறது. முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும். கடுகண்ணாவை ஏற்றத்தில் உன் பைக் சறுக்கிய அன்று அது உங்கள் பேண்ட் வேனில் வந்துகொண்டிருந்தது. உறையில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோது அம்மா அந்த உறையைத் தடவித் தடவிப் பார்த்தார். எதைத் தேடினாரோ?

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது, தம்பி. டவுனில் ஓர் அலுவலகம். யன்னல் பக்கத்துக் கதிரை. எட்டிப் பார்த்தால் நம் ஹந்தானை மலை தெரியும். அங்கேயும் நான் யாருடனும் அதிகம் பேசுவதில்லை.

நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள், நேர்முகத் தேர்வுகளில் வாய் திறக்காமல் திரும்பி வந்து ஒன்பது மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேனே, அப்போதுதான் கிட்டாரை என் மடியில் வைத்தாய். “பேசத்தானே பயம்? இதுல பேசு” என்றாய். போனில் பேக்கிங் டிராக் ஒன்றைப் போட்டாய். அதில் ட்ரம்ஸும் கிட்டார் கோட்ஸும் மட்டும் ஓடும், மெட்டு இருக்காது. அதற்கு மேல் அந்த நிமிடத்தில் தோன்றுவதை நான் வாசிக்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால் சோதனைக்குப் படிப்பது போலவே படித்தேன். எந்த இடத்தில் எந்த சுரம் என்று கொப்பியில் எழுதி, மனப்பாடம் செய்து வந்து உன்னிடம் ஒப்பித்தேன். நீ சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாய்.

“யக்கா, சோலோவ யாராச்சும் பாடமாக்குவாங்களா? தோணுறத வாசிக்கா!”

“தோணலையே.”

“தோணலன்னா சும்மா இரு. யாரு அடிக்கப் போறா?”

கொப்பியைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே எறிந்தாய். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

டிராக் யாருக்காகவும் நிற்காமல் ஓடுகிறது, பயமாக இருக்கிறது என்றேன். அதற்காகத்தான் நீயே ஒன்று செய்து கொடுத்தாய். ஒரு ஞாயிறு பின்னேரம். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, உன் சொந்த மெட்டு ஒன்றுக்கான நான்கு கோட்ஸைச் சுற்றிச் சுற்றி வாசித்தாய். நான்காவது சுற்றில் வெளியிலிருந்து அம்மாவின் சத்தம்.

“டேய், மழ வருது! கொடியில உடுப்பு கெடக்கு, எடுடா!”

“இரும்மா!”

அந்த ‘இரும்மா’வில் உன் கை தாளத்தில் இரண்டு தட்டு பிந்தியது. பிறகு ஒன்றும் நடக்காதது போல வாசித்துக்கொண்டே போனாய். கடைசிச் சுற்று முழுவதும் கூரைத் தகரத்தில் மழை. நேர்முகத்துக்கென்று துவைத்துப் போட்டிருந்த என் சேலைச் சட்டையும் நனைந்து, அம்மா உன்னைத் திட்டிய திட்டு லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. திரும்பப் பதிவு செய் என்றேன். “எதுக்கு? அந்த எடத்துல நீ ரெண்டு தட்டு நில்லு, அவ்ளோதான்” என்றாய்.

அந்த ஈரச் சட்டையோடு போன நேர்முகத்தில்தான் இந்த வேலை. கடிதம் வந்தபோது நீ இல்லை.

வேறு டிராக் எதையும் நான் போடுவதில்லை. வேலை விட்டு வந்ததும் உன்னோடு வாசிக்கிறேன். உன் ‘இரும்மா’வில் நிற்கிறேன். அந்த இடம் வரும்போது அம்மாவும் சமையலை விட்டுவிட்டு குசினியிலிருந்து தலையை நீட்டிக் கொடியைப் பார்க்கிறார். கொளுத்தும் வெயிலானாலும் பார்க்கிறார். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

போன மாதம் கீபோர்ட் வாசிக்கிற உன் கூட்டாளி அஸ்மி வந்தான். நீ போன பிறகு பேண்ட் முதல் தடவையாக மேடை ஏறப்போகிறது, உன் மெட்டை வாசிக்க வேண்டும், அதில் லீட் கிட்டார் நான்தான் வாசிக்க வேண்டும் என்றான். முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. போனேன்.

கட்டுகஸ்தோட்டையில் டயர் கடைக்குப் பின்னால் நீங்கள் பழகுகிற அறை. உன் ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்கள். மூன்று சுற்று நன்றாகத்தான் போனது. நான்காவதில் என் கை நின்றது. அவர்கள் நிற்கவில்லை. நான் எங்கேயோ, அவர்கள் எங்கேயோ. மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அதே இடம்.

“ஏன் அக்கா அந்த எடத்துல நிக்கிறீங்க?” என்றான் அஸ்மி.

போனை எடுத்து உன் டிராக்கைப் போட்டேன். அம்மாவின் சத்தம், உன் ‘இரும்மா’, மழை. முடிந்ததும் அஸ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இதுல அவன் ஈக்கிறானே அக்கா. அப்ப நாங்களும் அந்த எடத்துல நிப்பம்.”

வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன்? உன் அவசரத்தில் பிந்திய கை அது. அதை ஊரே சேர்ந்து வாசிப்பதை என்னால் கேட்டிருக்க முடியாது.

மூன்றாவது முறை நான்காவது சுற்று வந்தபோது நிற்கவில்லை, தம்பி. நீ நிற்கும் அந்த இரண்டு தட்டில் ஒரு சுரத்தை இழுத்தேன். கொப்பியில் எழுதாத சுரம். நீயும் கேட்டிராத சுரம். அதுவாகவே வந்தது. எல்லோரும் ஒன்றாகப் போய் முடித்தோம். அவர்கள் கைதட்டினார்கள். எனக்கோ உன்னை ரோட்டில் தனியாக விட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

“வாசிச்சியா?”

“வாசிச்சேம்மா.”

“அந்த எடத்துல நின்னியா?”

“இல்லம்மா.”

அம்மா வெளியே போய், இன்னும் காயாத உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுத்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

வருகிற சனிக்கிழமை மேடையில் நான் நிற்காமல் வாசிப்பேன். கோபிக்காதே. ஆனால் வீட்டில் உன் டிராக்கைப் போடுகிற ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு தட்டு உனக்காக நிற்பேன். மழை வந்தால் உடுப்பை நானே எடுத்துவிடுகிறேன். நீ எழும்ப வேண்டாம். வாசித்து முடி.

உன் ஒரே அக்கா,
செல்வி