கமிஷன் கொடுக்காத பணம்

அன்பு மகள் சைகாலுக்கு, ஓஷ் சந்தையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், தம்பி எர்மெக் சுகம், ஆடுகள் மூன்றும் சுகம். லைப்சிக்கில் அந்த முதியோர் இல்லத்தில் நாளெல்லாம் அடுத்தவரைத் தூக்கி உட்கார வைக்கிறாயே, உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நான் சுகமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் பேசுவாள், தெருவுக்கே கேட்கும். டோகோனின் மருமகன் வியாழக்கிழமை அங்கே வருகிறான் என்றதும், உனக்கு அனுப்பும் காய்ந்த தயிர் உருண்டைப் பையின் அடியில் இதை வைத்துத் தைத்துவிட்டேன்.

புது வீட்டுக் கூரைக்கு என்று நீ அனுப்பிய இரண்டாயிரத்து அறுநூறு யூரோவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வங்கியில் போட்டால் வழியில் ஆளாளுக்குக் கடிப்பார்கள், உன் ஜெர்மன் எண்ணில் யூரோ வாலட் ஒன்று திற, பாஸ்வேர்டை எனக்குக் கொடு, யூரோ ஏறும் நாள் பார்த்து நான் நம் நாட்டுச் சோமாக மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்தான். இருபத்திரண்டு வருடமாகப் பணம் மாற்றும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன், அடுத்தவர் பணத்தில் கமிஷன் எடுத்துத்தான் உங்களை வளர்த்தேன், ஆனால் என் பணத்தில் இன்னொருவன் எடுத்தால் எனக்குப் பொறுக்காது. யூரோ ஏறவில்லை, நானும் காத்திருந்தேன். எங்கள் வரிசையில் எல்லோரும் போனில் கால்பந்துப் பந்தயம் கட்டுகிறார்கள், சோம் கார்டிலிருந்து யூரோவில் நடக்கும் பந்தய சைட்டுக்குப் போகும்போது நூற்றுக்கு மூன்று போகிறது, திரும்பும்போது இன்னொரு மூன்று. ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே தோற்கிறீர்களே என்று சிரித்தேன். பக்கத்துக் கூண்டு டோகோன் உடனே, “ரொம்பத்தான் சிரிக்கிறியே, உனக்கு மட்டும் எவன்யா சும்மா மாத்திக் குடுக்கறான்?” என்றான். அது சுருக்கென்று தைத்தது. சைட்டிலும் யூரோ, உன் வாலட்டிலும் யூரோ, நடுவில் சோமே வராது, நாங்களே மாற்றித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும் என்று அவன் கண்ணெதிரே செய்து காட்டினேன். பத்து போனது பத்தாகவே போய்ச் சேர்ந்தது, ஜெயித்த பதினெட்டு பதினெட்டாகவே திரும்பி வந்தது. அன்றைக்கு வரிசையே எழுந்து வந்து என் போனை எட்டிப் பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

அங்கேயே நிறுத்தி உன் பணம் முழுவதையும் வெளியே எடுத்திருக்கலாம். எடுத்தால் சோமாக மாறும்போது வாலட்காரன் மூன்றைப் பிடித்துக்கொள்வான், அதற்கு மனசு வரவில்லை, உள்ளேயே விட்டு வைத்தேன். உள்ளே கிடக்கிற யூரோவுக்குப் போக்கிடம் ஒன்றுதான், மறுபடியும் பந்தயம். மூன்று போகக்கூடாது என்று நூறு நூறாக விட்டேன் சைகால். இப்போது மிச்சம் ஆயிரத்து நானூறு.

ஊரார் கூடிக் கூலி வாங்காமல் வீடு கட்டித் தரும் அஷாரை, மழை என்றும் மரக்காரன் ஊரில் இல்லை என்றும் இரண்டு முறை தள்ளிப் போட்டேன். மூன்றாவது முறை டோகோனே நாள் குறித்துவிட்டான், அடுத்த வாரம் போய் அதற்கடுத்த ஞாயிறு. “கூரை போடக் கூப்பிட்டுட்டு வானத்தக் காட்டப் போறியா ஷைலோபெக்?” என்று தெருமுனையில் எல்லோர் முன்னாலும் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் அம்மா வருகிறவர்களுக்குச் சமைக்க மசூதியிலிருந்து பெரிய கொப்பரையை இரவல் வாங்கி வைத்துவிட்டாள், தினமும் அந்த மொட்டைச் சுவர்களுக்கு நடுவே போய் நின்று, “இது சைகால் ரூமு, அவ கண்ணு முழிச்சா மலை தெரியணும்” என்கிறாள். அதைக் கேட்டுவிட்டுக் கூண்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். முப்பது பேர் சுத்தியலோடு வந்து நிற்கும்போது ஒரு கட்டைகூட இல்லை என்றால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

எடுக்கப் பார்க்காமல் இல்லை. போன வாரம் அழுத்தினேன், உன் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டது. பந்தயத்துக்குப் போகும்போது எதையும் கேட்காத வாலட் வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் கேட்கிறது. நீயும் உடனே கூப்பிட்டு, “என்னப்பா, ஏதோ நம்பர் வந்திருக்கு, நீங்களா?” என்றாய், தப்பாக வந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே இன்னும் இருநூறு விட்டேன். உன்னிடம் சொன்ன அந்தப் பொய்தான் பணத்தைவிட அதிகமாக அரிக்கிறது.

திங்கட்கிழமை உன் ஊர்க் காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் எடுக்க அழுத்துவேன். ஓடிபி வந்ததும் அனுப்பிவிடு. அன்றைக்கு யூரோ என்ன விலை என்று நான் பார்க்க மாட்டேன், கமிஷன் போகட்டும். மரத்துக்கு அது சரியாக இருக்கும், தகரத்துக்கு என் காரை விற்கச் சொல்லி எர்மெக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் அஷார் முடிந்த பிறகு நானே சொல்கிறேன், அதுவரை எனக்காகப் பொறுத்துக்கொள்.

இடுப்பைக் கவனித்துக்கொள், குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, இறைவன் உன் கையையும் காலையும் நன்றாக வைத்திருக்கட்டும், ஆமீன். மறந்துவிடாதே, பணம் வெளியே வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடு, எனக்குச் சொல்லாதே. நான் கேட்பேன். யூரோ இன்றைக்கு நல்ல விலை, வங்கியில் போட்டால் வீண் செலவு என்று நியாயமாகத்தான் கேட்பேன், அப்பாதானே என்று கொடுத்துவிடாதே.

உன் அப்பா,
ஷைலோபெக்,
பதினேழாம் எண் கூண்டு.